டார்க் சன் 1991 பெட்டி: ஐந்தாம் பதிப்பு விதிகளோடு ஆட வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பெட்டியில் இருக்கும் இரண்டு பெரிய புத்தகங்களில் ஒன்றுக்காகத்தான் அந்தக் காசு. 'வொண்டரர்ஸ் ஜேர்னல்' என்ற உலக விவரணைப் புத்தகம் இன்றைக்கும் அப்படியே மேசைக்கு வரும். 'ரூல்ஸ் புக்' என்ற விதிப் புத்தகத்தை ஒருமுறை வாசித்து, அது எதைச் சாதிக்கப் பார்த்தது என்று விளங்கிக்கொண்டால் போதும். அதை வரிக்கு வரி புது விதிக்கு மாற்ற உட்கார்ந்தவர்கள் இரண்டு கிழமையில் களைத்துப் போவார்கள்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: மேசையைச் சுற்றியிருந்து பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் ஆட்டத்துக்கு டிஎஸ்ஆர் நிறுவனம் 1991 இல் வெளியிட்ட உலகம் இது. திமதி பிரவுனும் ட்ரோய் டெனிங்கும் வடிவமைத்தார்கள், படங்கள் புரோமுடையவை. உலகத்தின் பெயர் அத்தாஸ். கடல் இருந்த இடத்தில் புழுதி, இரும்பு அருமை, தெய்வங்கள் இல்லை. டீர், யூரிக், ராம், ட்ராஜ், நிபெனாய், குல்க், பாலிக் என்று ஏழு நகர அரசுகள், ஒவ்வொன்றிலும் சாகாத ஒரு மந்திர அரசன் அல்லது அரசி. மந்திரம் போட்டால் சுற்றியிருக்கும் பயிர்பச்சை சாம்பலாகும். எழுதப்பட்டது 1989 இன் இரண்டாம் பதிப்பு விதிகளுக்கு. 1995 இல் திருத்திய பெட்டி வந்தது, 2010 இல் நான்காம் பதிப்புக்கான நூல் வந்தது. 1995 இன் பெட்டி நாவல்களில் நடந்த மாற்றங்களை ஏற்றுக்கொண்டு காலத்தை முன்னே தள்ளிவிடுகிறது. அதில் ரகசியங்கள் பல ஏற்கெனவே உடைந்து கிடக்கும், வீரர்கள் செய்யவேண்டிய பெரிய காரியங்களை வேறு ஆட்கள் முடித்திருப்பார்கள். ஆகவே உலகத்துக்கு 1991, விதி யோசனைகளுக்கு 2010 என்பதே எங்கள் பரிந்துரை.

இலக்கங்களை ஏன் மாற்றக்கூடாது என்பதற்கு ஓகர் என்ற அரக்கன் ஒன்று போதும். இரண்டாம் பதிப்பு ஓகருக்கு ஏசி (அடி படாமல் காக்கும் இலக்கம், பழைய விதியில் குறைந்தால் நல்லது) 5, உயிர்ப்பகடை (8 முகப் பகடை) 4+1, அதாவது சராசரி 19 ஹெச்பி (உயிர்ப்புள்ளி). 20 இலிருந்து கழிக்கும் வழக்கமான சூத்திரப்படி ஏசி 15, ஹெச்பி 19 என்று வரும். ஐந்தாம் பதிப்பின் 2014 விதியில் உள்ள ஓகரோ ஏசி 11, ஹெச்பி 59. அடிப்பது சுலபம், விழுத்துவது கஷ்டம். இரண்டு பதிப்புகளும் சண்டையை வேறு வேறு அச்சில் சுழற்றுகின்றன. பழைய ஏசி -6 ஐ அதே சூத்திரத்தில் போட்டால் 26 வரும். ஐந்தாம் பதிப்பின் மாபெரும் அசுரமிருகமான டராஸ்க்குக்கே 25 தான். ஆகவே மிருகங்களையும் ஆட்களையும் புது விதியின் கையிருப்பிலிருந்து எடுத்து உடுப்பை மட்டும் மாற்றுங்கள். மணி அடித்து ஆளை இழுக்கும் பெல்கோய்க்கு, இலவச விதித்தொகுப்பான எஸ்ஆர்டியில் உள்ள ஹார்ப்பி என்ற பறவைப் பெண்ணின் தரவு அச்சொட்டாகப் பொருந்தும்: பறப்பதை வெட்டுங்கள், பாட்டை மணிச்சத்தம் என்று வாசியுங்கள், 300 அடி, டிசி 11 விஸ்டம் சேவ் (20 முகப் பகடையோடு விஸ்டத்தைக் கூட்டி 11 எடுத்தால் தப்பும் உருட்டல்), ஹெச்பி 38 எல்லாம் அப்படியே இருக்கட்டும். சவாரிப் பூச்சியான காங்குக்கு ட்ராஃப்ட் ஹோர்ஸ் (வண்டிக்குதிரை) தரவு, ஏசியை மட்டும் அதன் மேலோட்டுக்காக 14 ஆக்குங்கள்.

மாற்றவேண்டியது வேறு. அத்தாஸை அத்தாஸாக வைத்திருப்பது தண்ணீர்த் தட்டுப்பாடு, இரும்புத் தட்டுப்பாடு, மந்திரத்தின் விலை என்ற மூன்று நெருக்கடிகள். புது விதிகள் தாராளமான கையோடு எழுதப்பட்டவை. அந்தத் தாராளம் இந்த மூன்றையும் முதலாவது பின்னேரத்திலேயே கரைத்துவிடும். உலகத்தின் படங்களும் பெயர்களும் மிஞ்சும், பயம் மிஞ்சாது.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம், மேசைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 2014 விதி: ஆளுக்கு நாளுக்கு 1 கலன், வெயிலில் 2 கலன். பாதி குடித்தால் டிசி 15 கொன்ஸ்டிடியூஷன் சேவ், தவறினால் ஒரு சோர்வு லெவல். அதற்கும் குறைந்தால் சேவ் இல்லாமலே சோர்வு. ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு இரண்டு. ஐந்தாம் பதிப்பைத் திருத்திய 2024 விதியில் சேவ் இல்லை, தேவையில் பாதிக்கும் குறைவாகக் குடித்தால் மட்டுமே சோர்வு. இதிலுள்ள ஓட்டையை வீரர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்: சரியாகப் பாதி குடித்துக்கொண்டே எத்தனை நாளும் நடக்கலாம், ஒன்றும் ஆகாது. இதற்கு நேர்மாறாக, சோர்வின் விளைவு 2024 இல் நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு லெவலுக்கும் எல்லா 20 முகப் பகடை உருட்டலிலும் 2 குறையும், வேகம் 5 அடி குறையும், ஆறாவதில் சாவு. 2014 இன் படிகள் ஒரேயடியாக விழுத்தும். மூன்றாவது லெவலில் அடி உருட்டலுக்கும் சேவுக்கும் டிஸட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), நான்காவதில் ஹெச்பி பாதி. ஆகவே தூண்டுவதை 2014 இலிருந்தும், தண்டனையை 2024 இலிருந்தும் எடுத்துக் கலப்பதே சரி. தாகத்தால் வந்த சோர்வு முழு அளவு தண்ணீர் குடிக்கும்வரை போகாது என்ற 2024 வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது நல்ல வரி.

இந்தக் கலன் அமெரிக்கக் கலன், 3.785 லீற்றர். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் இங்கிலாந்துக் கலன் 4.5 லீற்றருக்கு மேல். கணக்கைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐந்து பேர், நான்கு நாள், ஆளுக்கு 2 கலன் என்றால் 40 கலன், ஏறக்குறைய 151 லீற்றர். வீட்டுக்கு எடுக்கும் 20 லீற்றர் கேனில் எட்டு. மேசையில் இதைச் சொன்னால் எவருக்கும் பாரம் விளங்கும். விதிப்படி ஒரு தோற்பையில் அரைக் கலன் பிடிக்கும், நிறைந்த பை 5 இறாத்தல். 40 கலனுக்கு 80 பை, 400 இறாத்தல். ட்ராஃப்ட் ஹோர்ஸ் தரவில் ஓடும் காங்கு 540 இறாத்தல் சுமக்கும், ஆகவே ஒன்று போதும் என்று வீரர்கள் சொல்வார்கள். அதுவும் குடிக்கவேண்டும். 2024 அட்டவணையில் பெரிய பிராணிக்கு நாளுக்கு 4 கலன், நான்கு நாளுக்கு 16. மொத்தம் 56 கலன், 112 பை, 560 இறாத்தல். இருபது இறாத்தல் கூடிவிட்டது. இரண்டாவது காங்கு வாங்குவதா, ஒரு நாளைக் குறைப்பதா, யாருடைய கவசத்தையாவது விற்பதா என்று மேசையில் வாக்குவாதம் தொடங்கும். இந்த வாக்குவாதம்தான் டார்க் சன்.

இந்தக் கணக்கு முழுவதையும் ஒரு மந்திரம் அழித்துவிடும். 'கிரியேட் ஓர் டிஸ்ட்ரோய் வாட்டர்', முதலாம் லெவல், 10 கலன். ஐந்து பேருக்கு வெயிலில் ஒரு நாளைக்குத் தேவையானது சரியாக 10 கலன். ஒரே ஒரு ஸ்லொட் (ஒரு மந்திரம் போட நாளுக்குக் கிடைக்கும் இடம்), பாலைவனம் முடிந்தது. தடைசெய்தால் நீர்ப் பூசாரி என்ற பாத்திரத்துக்கே அர்த்தமில்லாமல் போகும். ஸ்லொட் லெவலுக்கு 1 கலன் என்று குறையுங்கள். நீர்ப் பூசாரிக்கு மட்டும் 2. முப்பது கலன் தரும் மூன்றாம் லெவல் 'கிரியேட் ஃபூட் அன்ட் வாட்டர்' பட்டியலிலேயே இருக்கக்கூடாது. 'குட்பெரி' பசியைத் தீர்க்கும், தாகத்தைத் தீர்க்காது என்று ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். 2014 இன் அவுட்லான்டர் பின்னணி ஆறு பேருக்கு உணவும் தண்ணீரும் தேடித்தரும், ஆனால் நிலம் அவற்றைத் தரக்கூடியதாக இருந்தால்தான் என்று அதே வரி சொல்கிறது. அந்த நிபந்தனையைக் கண்டிப்பாகப் பிடியுங்கள்.

ஓய்வைக் கடினமாக்க, குறும் ஓய்வு 8 மணித்தியாலம், நீண்ட ஓய்வு 7 நாள் என்ற 2014 மாற்று விதியைப் பலர் எடுப்பார்கள். இங்கே அது உடையும். ஏழு நாள் ஓய்வெடுக்க ஐந்து பேருக்கு 70 கலன், 265 லீற்றர் வேண்டும். ஒரு நீண்ட ஓய்வில் ஒரு சோர்வு லெவல்தான் போகும் என்பதால் மூன்று லெவல் சோர்ந்தவர் மூன்று கிழமை படுத்திருப்பார். எட்டு மணித்தியால ஓய்வையே வைத்து, நிழலும் முழுத் தண்ணீரும் இருந்தால்தான் அது நீண்ட ஓய்வு என்று ஒரு நிபந்தனை போட்டால் போதும்.

வெயிலை விவரிக்க, இலங்கையின் கிழக்கில் ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கு எந்தப் புத்தகமும் தேவையில்லை. ஆடி மாதத்துக் கச்சான் காற்று படுவான்கரை வயல்களைக் காயவைப்பது போல என்று சொன்னால், கல்முனையிலிருந்து வாகரை வரை எல்லோருக்கும் உதடு காயும். விதியில் அதற்குரிய இடம் கடும் வெப்பம்: 38 பாகை செல்சியஸுக்கு மேல் குடிதண்ணீர் இல்லாதவருக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் சேவ், முதலில் டிசி 5, பிறகு மணிக்கு ஒன்று கூடும். நடுத்தர, கனமான கவசம் போட்டவர்களுக்கு டிஸட்வான்டேஜ். இதை மாற்றவேண்டாம், அப்படியே ஓடும்.

இரும்பு விடயத்தில் 1991 புத்தகம் ஒரு அழகான சுருக்கு வழி தருகிறது. பீங்கான் காசுதான் புழக்கம்: பத்து பிட் ஒரு பீங்கான் காசு, பத்து பீங்கான் ஒரு வெள்ளி, பத்து வெள்ளி ஒரு பொன். உலோகமல்லாத எந்தப் பொருளுக்கும் வழமையான விலையில் நூற்றில் ஒரு பங்கு, உலோகத்துக்கு முழு விலை. நடைமுறையில், விலைப்பட்டியலில் பொன் என்று இருக்குமிடத்தில் பீங்கான் என்று வாசித்துவிட்டு உலோகப் பொருளை மட்டும் அப்படியே விட்டுவிடவேண்டும். எலும்பு லோங்சோர்ட் 15 பீங்கான், இரும்பில் அதே வாள் 1,500. பிளேட் கவசம் 150,000. புதுப் பட்டியல் எழுதத் தேவையே இல்லை.

ஆயுதங்களுக்கான பழைய தண்டனையை மட்டும் எடுக்காதீர்கள். எலும்புக்கு அடியில் -1, சேதத்தில் -1. கல்லுக்கு -2, -1. மரத்துக்கு -3, -2. ஐந்தாம் பதிப்பில் போனஸ்கள் மெதுவாகவே கூடும், ஒவ்வொரு புள்ளியும் கனக்கும். மூன்றாம் லெவல் வீரன் +5 உடன் ஏசி 15 ஐ அடிக்க 55 வீத வாய்ப்பு. கல் கோடரியோடு 45, மரத்தடியோடு 40. பக்கத்தில் நிற்கும் மந்திரவாதியின் 'ஃபயர் போல்ட்' மந்திரத்துக்கு இந்தக் குறைப்பே இல்லை. இரும்புத் தட்டுப்பாடு வாள்காரனை மட்டும் தண்டிப்பது அநியாயம். 2010 நூலின் வழி மேலானது: 1 விழுந்தால், தவறியதை ஏற்றுக்கொள்ளலாம் அல்லது மறுபடி உருட்டலாம். மறுபடி உருட்டினால் அடி பட்டாலும் படாவிட்டாலும் எலும்பு ஆயுதம் உடையும். இரும்பு என்றால் மறு உருட்டல் 5 அல்லது அதற்குக் கீழ் விழுந்தால்தான் உடையும். உடைப்பது வீரரின் தெரிவாகிறது, சாபமாக அல்ல. ஐந்தாம் லெவலில் நான்கு சுற்றுச் சண்டையில் எட்டு அடி. அதில் ஒரு 1 ஆவது விழ ஏறக்குறைய 34 வீதம். மூன்று சண்டைக்கு ஒரு ஆயுதம் என்று வைத்துக்கொண்டு இரண்டு உதிரி கட்டச் சொல்லுங்கள்.

கவசத்தில் இலக்கத்தைக் குறைக்காதீர்கள். ஃபைட்டர் செயின் மெயிலோடு ஏசி 16 இல் தொடங்குகிறார், எதிரிகளின் தரவு அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. ஓடு, எலும்பு, பதனிட்ட பல்லித்தோல் என்று பொருளை மாற்றி ஏசி 16 ஐ அப்படியே கொடுங்கள். வெப்பச் சேவ் தன் வேலையைப் பார்க்கும்.

மந்திரத்தின் விலைதான் மூன்றிலும் கடினம். 1991 இல் நிலத்தைச் சாம்பலாக்கும் டிஃபைலருக்கு ஒரு லாபம் இருந்தது: குறைந்த அனுபவப் புள்ளியில் லெவல் ஏறினார். நிலத்தைக் காக்கும் ப்ரிசர்வர் மெதுவாக ஏறினார். அந்தப் பேராசைதான் உலகத்தை அழித்தது என்பதை வீரர் தன் பாத்திரத் தாளிலேயே உணர்ந்தார். ஐந்தாம் பதிப்பில் எல்லோருக்கும் ஒரே அனுபவ அட்டவணை. லாபம் போனபின் மிஞ்சுவது வெறும் கெட்டபெயர், அதை யாரும் தெரிவுசெய்ய மாட்டார்கள்.

பலரும் போடும் முதல் திருத்தம், சாம்பலாக்கினால் மந்திரம் ஒரு லெவல் உயர்ந்து வேலைசெய்யும் என்பது. கணக்குப் பார்த்தால் அது கவராது. 'ஃபயர்போல்' மூன்றாம் லெவலில் 8 பகடை, சராசரி 28. நான்காம் லெவலில் 9 பகடை, 31.5. மூன்றரைப் புள்ளிக்காக யார் ஒரு வயலை எரிப்பார்? நாங்கள் சொல்வது இது: ப்ரிசர்வர், விசார்ட் வகுப்புக்கு நாளுக்கு ஒருமுறை ஸ்லொட் மீட்டுத்தரும் 'ஆர்கேன் ரிகவரி'யை வைத்திருக்கட்டும், டிஃபைலர் அதை இழக்கட்டும். பதிலாக, ஒவ்வொரு குறும் ஓய்வுக்கும் ஒருமுறை அவர் ஐந்தாம் லெவல் வரையான ஒரு மந்திரத்தை ஸ்லொட் செலவில்லாமல் போடலாம். 20 அடிச் சுற்றுக்குள் பச்சை எல்லாம் சாகும், அவரைத் தவிர எல்லா உயிருக்கும், கூட்டாளிகள் உட்பட, மந்திர லெவலுக்கு ஒரு 6 முகப் பகடை நெக்ரோடிக் சேதம். பச்சை இல்லாத இடத்தில் இது நடக்காது. ஒருமுறை சாம்பலான நிலம் மறுபடி தராது. ஐந்தாம் லெவலில் ஆர்கேன் ரிகவரி நாளுக்கு மூன்று ஸ்லொட் லெவல் தரும். இரண்டு குறும் ஓய்வு உள்ள நாளில், ஓய்வுகளுக்கு முன்னும் இடையிலும் பின்னும் மூன்று முறை போட்டால், இது ஒன்பது தரும். மும்மடங்கு லாபம், பக்கத்தில் நிற்கும் நண்பனின் உடம்பிலிருந்து. 2010 நூலும் கூட்டாளிகளைத்தான் நோகவைத்தது, அந்த உணர்வு சரியானது.

மற்ற வகுப்புகளில் வேலை குறைவு. தெய்வம் இல்லாததால் க்ளெரிக் நான்கு பூதங்களில் ஒன்றுக்கு ஊழியம் செய்வார்: நெருப்புக்கு லைட் டொமைன், நீருக்கு லைஃப். அரசனின் அதிகாரிகளான டெம்ப்ளர்களுக்கு வார்லொக் மிகச் சரி, புரவலர் அந்த அரசனே. பலடின் 1991 இல் இல்லை, இல்லாமலே விடுங்கள். பழைய அத்தாஸின் பாடகர் மந்திரமில்லாத நஞ்சுக்காரர், அவரை ரோக் ஆக்குங்கள். பூச்சி மனிதரான திரி-க்ரீனுக்கு 2022 ஸ்பெல்ஜாமர் தொகுப்பில் ஆடக்கூடிய தரவு இருக்கிறது. அரை-இராட்சதருக்கு கோலையத் இனத்தின் தரவு, தண்ணீர் மட்டும் மற்றவர்களைவிட இருமடங்கு. அதைவிடக் கூட்டினால் யாரும் அந்த இனத்தை எடுக்க மாட்டார்கள்.

மூன்றாம் லெவலில் தொடங்கச் சொல்கிறது பெட்டி. 2024 இல் எல்லா உபவகுப்பும் மூன்றாம் லெவலில் கிடைப்பதால் இது அழகாகப் பொருந்துகிறது. நான்கு முகப் பகடை ஐந்தை உருட்டி ஆற்றல் எடுக்கும் பழைய முறையையும் அச்சமின்றி வைக்கலாம். சராசரி 12.5, வழக்கமான '4 உருட்டி 3 எடு' முறையில் 12.24. மிகக் குறைந்தது 5, இருபது விழ 1,024 இல் ஒரு வாய்ப்பு.

எல்லோருக்கும் ஒரு மனோசக்தி உண்டு என்பது அத்தாஸின் அடையாளம். சை வோரியர், சோல்நைஃப் 2024 புத்தகத்தில் உண்டு, இலவச எஸ்ஆர்டியில் இல்லை. இலவச விதியோடு ஆடுபவர்கள் ஒரு 6 முகப் பகடை உருட்டட்டும்: மேஜ் ஹேன்ட், மெசேஜ், ஜம்ப், ஃபெதர் ஃபோல், சார்ம் பேர்சன், ஃபோல்ஸ் லைஃப். முதல் இரண்டும் எப்போதும், மற்றவை நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை. வாய்ச் சொல்லும் பொருளும் வேண்டாம், சாம்பலும் வராது.

ஒரு விடயத்தை ஆட்டத்துக்கு முன்பே கதைத்தாக வேண்டும். அடிமை வியாபாரம் இந்த உலகத்தின் நடுவில் இருக்கிறது. முழு இனங்களையும் அழித்தொழித்த போர்கள் பின்னணியில் உண்டு, 1995 பதிப்பு அவற்றை விரிவாகவே சொல்கிறது. போர் பார்த்த வீடுகளின் பிள்ளைகள் ஒரே மேசையைச் சுற்றி இருக்கும் மாவட்டங்கள் நம்முடையவை. எது மேசைக்கு வரலாம், எது பேச்சில் கடந்து போகவேண்டும், எது வரவே கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவர் இருந்தால் இனஅழிப்பு வரலாற்றை எடுத்துவிட்டு ஆடுங்கள். தண்ணீரும் இரும்பும் சாம்பலும் கதையைத் தாங்கும்.

வாங்குவது டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில், பிடிஎஃப் ஆக. வெளிநாட்டு இணையக் கொள்வனவுக்குத் திறந்த கார்ட் வேண்டும், வங்கியில் சொல்லித் திறக்க வேண்டியிருக்கலாம். பழைய அச்சுப் பெட்டி சேகரிப்பவர்களுக்கு; ஆடுவதற்கு அது அவசியமில்லை. எஸ்ஆர்டி 5.1 உம் 5.2 உம் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசம் என்பதால் விதிக்கு ஒரு ரூபாவும் செலவில்லை.

முழுவதையும் அச்சடிக்கவேண்டாம். ஜேர்னலில் நகரங்களும் நிலவகைகளும் வரும் பகுதிகளைக் கறுப்பு வெள்ளையில் இருபக்கமாக எடுத்து ஸ்பைரல் போடுங்கள். பெட்டியின் அறிமுகச் சாகசம் இரண்டு நிமிர்த்தி வைக்கும் புத்தகங்களாக வந்தது, ஒன்று டிஎம்முக்கு, மற்றது வீரர்களுக்குக் காட்டும் படங்களோடு. திரையில் அதன் பயன் பாதிதான். வீரர் புத்தகத்தை மட்டும் தடித்த ஏ4 மட்டையில் படுக்கை வாட்டில் அடித்து மேல் விளிம்பில் ஸ்பைரல் போட்டால் பழையபடி மேசையில் நிற்கும். வரைபடத்தை அடோபி ரீடரின் 'போஸ்டர்' தெரிவில் ஏ3 துண்டுகளாக, கால் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி, வெட்டுக்குறிகளோடு அச்சடியுங்கள். கடைக்குக் கொடுக்குமுன் அளவு 100 வீதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'பக்கத்துக்குப் பொருத்து' என்று இருந்தால் துண்டுகளின் விளிம்பு சேராது, பயணத் தூரமும் பிழைக்கும், தூரம் பிழைத்தால் தண்ணீர்க் கணக்கும் பிழைக்கும்.